கணக்கும் கணக்குக் கேட்கும் உரிமையும்
செயற்கை நுண்ணறிவு குறித்த இரு பார்வைகளின் வரலாறு

செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடங்களுக்குள் அடங்கியிருந்த காலம் கடந்துவிட்டது. வங்கிக் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிப்பதிலும், வேலை கேட்டு வருவோரை வடிகட்டுவதிலும், மருத்துவப் படங்களில் நோய்க்குறிகளைத் தேடுவதிலும், கைப்பேசியில் நாம் எழுதும் அடுத்த சொல்லை ஊகிப்பதிலும் அது பங்கு பெற்றுள்ளது. இவ்வாறு அன்றாட வாழ்வில் கலந்துவிட்ட ஒன்றைப் பற்றி அதனை ஆக்குவோர் கொண்டுள்ள எண்ணமும், அதற்கு ஆட்படுவோர் கொண்டுள்ள எண்ணமும் பெரிதும் வேறுபட்டு நிற்கின்றன.

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2025 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை இவ்வேறுபாட்டை எண்களில் எடுத்துக்காட்டுகிறது. அந்நாட்டில் 5,410 பொதுமக்களிடமும், இத்துறையின் மாநாடுகளில் பங்களித்த 1,013 நிபுணர்களிடமும் அம்மையம் கருத்துக் கேட்டது. அடுத்த 20 ஆண்டுகளில் செயற்கை நுண்ணறிவு நாட்டுக்கு நன்மை பயக்கும் என்று கருதிய நிபுணர்கள் 56 விழுக்காட்டினர். பொதுமக்களில் அவ்வாறு கருதியோர் 17 விழுக்காட்டினரே. மக்கள் தம் பணிகளைச் செய்யும் முறை இதனால் மேம்படும் என்று நிபுணர்களில் 73 விழுக்காட்டினர் நம்ப, பொதுமக்களில் 23 விழுக்காட்டினரே நம்பினர். ஆர்வத்தைவிடக் கவலையே மிகுதி என்றோர் பொதுமக்களில் 51 விழுக்காடு, நிபுணர்களில் 15 விழுக்காடு.

இத்தகைய எண்களைக் காணும்போது, அறிந்தோர் நம்புகின்றனர், அறியாதோர் அஞ்சுகின்றனர் என்று முடிவு கட்டிவிடுவது எளிது. மக்களுக்குப் போதிய விளக்கம் கொடுத்தால் அச்சம் தானே அகன்றுவிடும் என்ற கருத்தும் இதனையொட்டியே எழுகிறது. ஆனால் இத்துறையின் எழுபதாண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போருக்கு வேறொரு சித்திரம் தென்படும். மக்கள் அளவுக்கு மீறி நம்பியபோது நிபுணர் ஒருவர் எச்சரித்த காலம் ஒன்றுண்டு. நிபுணர்களும் அதிகாரிகளும் நம்பியிருக்க, மக்கள் தம் துயரத்தால் உண்மையை நிறுவிய காலமும் ஒன்றுண்டு. அந்த வரலாற்றின் சில பக்கங்களை இங்குக் காண்போம்.

கணக்கு பிறந்த இடம்

இயந்திர அறிவைப் பற்றிப் பேசும் நம் கட்டுரையாளர்கள், 1206இல் தம் நூலை நிறைவு செய்த அல்-ஜஸரீயின் தானியங்கிக் கருவிகளிலிருந்து தொடங்குவது வழக்கம். அக்கருவிகளின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. எனினும் இன்றைய செயற்கை நுண்ணறிவின் வேரைத் தேடினால், கருவிகளை விடக் கணக்கே நமக்கு முதலில் எதிர்ப்படுகிறது. கணினித் துறையில் எங்கும் வழங்கும் ‘அல்காரிதம்’ என்னும் சொல், பக்தாதில் கலீஃபா மஃமூனின் காலத்தில் (813-833) பணியாற்றிய முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மீயின் பெயரிலிருந்து வந்தது. இந்திய எண்முறையை விளக்கி அவர் எழுதிய நூல் 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனுக்குச் சென்றபோது, அவரது பெயரே அக்கணக்கு முறையின் பெயராயிற்று. பின்னர், ஒரு சிக்கலைப் படிப்படியாகத் தீர்க்கும் எந்த வழிமுறைக்கும் அப்பெயர் பொதுப்பெயராகி நிலைத்தது.

இதனை நாம் அடிக்கடி பெருமையுடன் நினைவுகூர்கிறோம். ஆனால் அப்பெருமையைவிட இங்கு நம் கவனத்திற்குரியது, அவரது மற்றொரு நூலான அல்ஜப்ரா நூல் எதற்காக எழுதப்பட்டது என்பதே. வாரிசுரிமை, மரண சாசனம், சொத்துப் பிரிவினை, வழக்கு, வாணிபம் ஆகியவற்றில் மக்களுக்குத் தேவைப்படும் கணக்குகளுக்காகவே அதனை எழுதுவதாக அவர் முன்னுரையில் கூறுகிறார். நூலின் பிற்பகுதியில் பெரும்பங்கு மரண சாசனக் கணக்குகளுக்கே உரியது. இறந்தவர் விட்டுச்சென்றதில் மகனுக்கு எவ்வளவு, மகளுக்கு எவ்வளவு, கடன் கொடுத்தவருக்கு எவ்வளவு என்பன போன்ற வினாக்களே அதில் நிறைந்துள்ளன.

எனவே, ஒரு கணிப்பு முறை மனிதரின் பங்கையும் உரிமையையும் தீர்மானிப்பது புதுமையன்று. அன்றும் கணக்கே தீர்மானித்தது. ஆனால் அக்கணக்கின் ஒவ்வொரு படியும் சொற்களில் எழுதப்பட்டிருந்தது. தன் பங்கு குறைந்துவிட்டதாகக் கருதும் வாரிசு, கணக்கறிந்த ஒருவரை அழைத்து முதற்படியிலிருந்து சரிபார்க்கலாம். பிழை இருந்தால் காழியின் முன் எடுத்துரைக்கலாம். கணக்கிட்டவர் யாரென்பதும் தெரியும், அவர் கணக்கிட்ட வழியும் தெரியும். இந்த இரண்டு தெளிவுகளையும் மனத்திற்கொண்டு இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம்.

வாக்குறுதிகளின் காலம்

‘செயற்கை நுண்ணறிவு’ என்னும் பெயர் 1955இல் பிறந்தது. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஓர் ஆய்வரங்கு நடத்த நிதி கேட்டு ஜான் மெக்கார்த்தி, மார்வின் மின்ஸ்கி, நதானியேல் ரோச்செஸ்டர், கிளாட் ஷானன் ஆகிய நால்வர் எழுதிய விண்ணப்பத்தில் அச்சொற்றொடர் இடம்பெற்றது. மொழியைக் கையாளுதல், கருத்துருவாக்குதல், தன்னைத்தானே மேம்படுத்திக்கொள்ளுதல் ஆகியவற்றை இயந்திரத்துக்குக் கற்பிக்க முடியும் என்றும், தேர்ந்த அறிஞர் குழு ஒன்று கோடைக்காலம் முழுவதும் கூடி உழைத்தால் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணலாம் என்றும் அவர்கள் கருதினர். 1956 கோடையில் அந்த அரங்கு நடந்தது.

அதனைத் தொடர்ந்து நிபுணர்களின் வாக்குறுதிகள் பெருகின. கணினி பத்தாண்டுகளுக்குள் சதுரங்க உலக வாகையர் ஆகிவிடும் என்று ஹெர்பர்ட் சைமனும் ஆலன் நியூவெலும் 1958இல் எழுதினர். மனிதர் செய்யக்கூடிய எந்தப் பணியையும் இருபது ஆண்டுகளுக்குள் இயந்திரங்கள் செய்யவல்லனவாகும் என்று 1965இல் சைமன் கூறினார். சதுரங்கத்தில் உலக வாகையர் காஸ்பரோவை ஐபிஎம் நிறுவனத்தின் டீப் புளூ தோற்கடித்தது 1997இல்தான். பத்தாண்டு என்றது ஏறத்தாழ நாற்பதாண்டு ஆயிற்று. இரண்டாவது வாக்குறுதி இன்னும் நிறைவேறவில்லை.

பிரித்தானியாவில் இத்துறையின் நிலையை மதிப்பிடுமாறு கணித அறிஞர் ஜேம்ஸ் லைட்ஹில் பணிக்கப்பட்டார். 1973இல் வெளியான அவரது அறிக்கை, அதுவரை கிடைத்த பயன்கள் சொல்லப்பட்ட எதிர்பார்ப்புகளுக்கு மிகவும் கீழே இருப்பதாகக் கூறியது. அதன் விளைவாக அந்நாட்டில் இவ்வாய்வுக்கான நிதி பெரிதும் சுருங்கியது. இத்துறையினர் ‘குளிர்காலம்’ என்று குறிப்பிடும் தளர்ச்சிக் காலங்களுள் அது ஒன்று.

இவற்றை நிபுணர்களை எள்ளுவதற்காக நாம் எடுத்துக்காட்டவில்லை. சைமன் பின்னாளில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற பேரறிஞர். ஒரு துறையின் உட்புறத்தை நன்கறிந்தவர்கூட, அது வெளியுலகில் எப்போது, எவ்வாறு, யார்மீது செயற்படும் என்பதை அறிந்தவராக இருக்க வேண்டியதில்லை என்பதையே இவை உணர்த்துகின்றன. உள்ளறிவு வேறு, விளைவறிவு வேறு.

எலிசாவும் அதன் ஆசிரியரும்

இவ்வுண்மையை மற்றெவரைக் காட்டிலும் ஆழமாக உணர்ந்தவர் ஜோசப் வைசன்பாம். 1923இல் பெர்லினில் யூதக் குடும்பமொன்றில் பிறந்த அவர், நாஜி ஆட்சியின் கொடுமையிலிருந்து தப்பி 1936இல் பெற்றோருடன் அமெரிக்காவில் குடியேறினார். வங்கிகளுக்கான கணினி அமைப்புகளில் பணியாற்றியபின், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். அங்கு அவர் உருவாக்கிய ‘எலிசா’ என்னும் உரையாடும் நிரலைப் பற்றிய கட்டுரை 1966இல் வெளியாயிற்று.

எலிசாவின் புகழ்பெற்ற வடிவம், நோயாளியிடம் பேசும் ஓர் உளவியல் மருத்துவரைப் போல நடித்தது. அதன் இயக்கம் மிக எளியது. பயனர் தட்டச்சு செய்யும் வாக்கியத்தில் குறிப்பிட்ட சில சொற்களை அது தேடும்; அவை கிடைத்தால் அவ்வாக்கியத்தையே சற்று மாற்றி வினாவாகத் திருப்பித் தரும். தாயைப் பற்றியோ தந்தையைப் பற்றியோ ஏதேனும் எழுதினால், குடும்பத்தைப் பற்றி மேலும் சொல்லுமாறு கேட்கும். எச்சொல்லும் பிடிபடாவிட்டால் பொதுவான ஒரு சொற்றொடரைக் கூறிச் சமாளிக்கும். பொருள் அறிதல் என்பது அதில் இம்மியளவும் இல்லை.

இதனை நன்கறிந்திருந்த வைசன்பாமை மூன்று நிகழ்வுகள் அதிர்ச்சியுறச் செய்தன. அவருடைய செயலாளர் அந்நிரல் உருவானதை மாதக்கணக்கில் அருகிலிருந்து பார்த்தவர். அது வெறும் நிரல் என்பதை அறிந்தவர். ஆயினும் அதனுடன் சிறிதுநேரம் உரையாடியபின், தனிமையில் பேச வேண்டும், அறையை விட்டு வெளியேறுங்கள் என்று வைசன்பாமிடமே கேட்டுக்கொண்டார். இது முதலாவது. தொழில் செய்யும் உளநோய் மருத்துவர்கள் சிலர், இத்தகைய நிரல்களை வளர்த்தெடுத்தால் தானியங்கி மருத்துவமே நடத்தலாம் என்று எண்ணினர். இவ்வழியில் ஒரு மணிநேரத்தில் பல நூறு நோயாளிகளைக் கவனிக்கலாம் என்ற கருத்து 1966இல் ஒரு மருத்துவ இதழிலேயே வெளிவந்தது. இது இரண்டாவது. கணினிக்கு மொழி விளங்கிவிட்டது என்ற எண்ணம் படித்தோரிடையே பரவியது மூன்றாவது.

நம் கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட எண்களை இங்கு நினைவுகூர வேண்டும். அன்று நிலைமை தலைகீழாக இருந்தது. கருவியைப் பயன்படுத்தியோர் நம்பினர். வேறு துறை நிபுணர்களும் நம்பினர். கருவியை ஆக்கியவர் அஞ்சினார். அவ்வச்சத்தின் விளைவாக 1976இல் அவர் எழுதிய நூல் இத்துறையில் பெரும் விவாதத்தை எழுப்பியது. கணினியால் ஒரு செயலைச் செய்ய முடியுமா என்று கேட்பதோடு நின்றுவிடாமல், அதனிடம் அச்செயலை ஒப்படைப்பது தகுமா என்றும் கேட்க வேண்டும் என்பது அவரது வாதம். நீதி வழங்குதல், நோயுற்ற மனத்தைத் தேற்றுதல் போன்ற பணிகளுக்கு மனித வாழ்வை வாழ்ந்த அனுபவமும் பரிவும் தேவை. அவை இல்லாத ஒன்றிடம் அவற்றை ஒப்படைப்பது, அது திறமையாகச் செய்தாலும் முறையன்று என்றார் அவர். ‘செயற்கை நுண்ணறிவு’ என்ற பெயரை முன்வைத்தவர்களுள் ஒருவரான மெக்கார்த்தியே அந்நூலைக் கடுமையாக மறுத்து மதிப்புரை எழுதினார். இயந்திரத்துக்குச் சொல்லித்தர முடியாத எதை நீதிபதி அறிந்திருக்கிறார் என்பதே அத்தரப்பாரின் வினாவாக இருந்தது.

2008இல் வைசன்பாம் காலமானார். 2022 நவம்பர் 30இல் சாட்ஜிபிடி வெளியாகி, கோடிக்கணக்கானோர் இயந்திரத்துடன் தம் மனக்குறைகளையும் பகிர்ந்துகொள்ளத் தொடங்கிய காலத்தை அவர் காணவில்லை. இன்றைய நிரல்கள் எலிசாவைப்போல் எளியன அல்ல. ஆற்றலில் இரண்டுக்கும் ஒப்பீடே இல்லை. எனினும் பேசுவது போல் தோன்றும் எதனிடமும் மனிதர் உள்ளத்தைத் திறந்துவிடுவர் என்று அவர் கண்டது இன்றும் பொருந்துகிறது.

நெதர்லாந்தின் பாடம்

இனி, மக்கள் தம் துயரத்தால் உண்மையை நிறுவிய காலத்தைக் காண்போம். நெதர்லாந்தில் வேலைக்குச் செல்லும் பெற்றோருக்குக் குழந்தைப் பராமரிப்புச் செலவில் ஒரு பகுதியை அரசு உதவித்தொகையாக வழங்குகிறது. இத்தொகையை முறைகேடாகப் பெறுவோரைக் கண்டறிய, அந்நாட்டு வரித்துறை 2013 முதல் தானே கற்கும் கணிப்பு முறையொன்றைப் பயன்படுத்தியது. விண்ணப்பம் ஒவ்வொன்றுக்கும் அது ஒரு ‘அபாய மதிப்பெண்’ வழங்கும். மதிப்பெண் உயர்ந்தால் அவ்விண்ணப்பம் அதிகாரியின் ஆய்வுக்குச் செல்லும். மதிப்பெண் ஏன் உயர்ந்தது என்பது அந்த அதிகாரிக்கும் தெரிவிக்கப்படுவதில்லை.

விண்ணப்பதாரர் நெதர்லாந்துக் குடியுரிமை உடையவரா இல்லையா என்பது அம்மதிப்பெண்ணைத் தீர்மானித்த கூறுகளுள் ஒன்றாக இருந்தது. இதனுடன் சட்டத்தின் கடுமையும் சேர்ந்துகொண்டது. ஒரு கையொப்பம் விடுபட்டிருந்தாலும், செலுத்த வேண்டிய பங்கில் சிறுதொகை குறைந்திருந்தாலும், ஆண்டு முழுவதும் பெற்ற உதவித்தொகை அனைத்தையும் திருப்பிச் செலுத்துமாறு பெற்றோர் பணிக்கப்பட்டனர். பலருக்கு அது பல்லாயிரம் யூரோ. பல்லாயிரக்கணக்கான பெற்றோர் மோசடிக்காரர்களாகப் பொய்யாகக் குற்றஞ்சாட்டப்பட்டனர். துருக்கி, மொரோக்கோ முதலிய நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பத்தினர் அவர்களுள் கணிசமானோர். வீடிழந்தோரும், வேலையிழந்தோரும், மணமுறிவுக்கு ஆளானோரும் உண்டு. பாதிக்கப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு வேறிடங்களில் வைக்கப்பட்டனர்.

தாம் செய்த குற்றம் என்ன என்று அப்பெற்றோர் ஆண்டுக்கணக்கில் கேட்டனர். தெளிவான விடை எவரிடமிருந்தும் வரவில்லை. தம் கோப்பினைக் கேட்டுப் பெற்ற சிலருக்குப் பக்கம் பக்கமாகக் கருமை பூசி மறைக்கப்பட்ட தாள்களே கிடைத்தன. குவாரிஸ்மீயின் நூலைக் கையில் வைத்திருந்த வாரிசுக்கு இருந்த வாய்ப்பு, ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் கழித்து வளம்மிக்க ஒரு நாட்டின் மக்களுக்கு இல்லாமற் போயிற்று.

வழக்கறிஞர்கள், இதழாளர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலரின் விடாமுயற்சியால் உண்மை வெளிவந்தது. நாடாளுமன்ற விசாரணைக் குழு 2020 டிசம்பரில் அளித்த அறிக்கைக்கு ‘முன்னெப்போதும் இல்லாத அநீதி’ என்றே பெயரிட்டது. 2021 ஜனவரி 15இல் பிரதமர் மார்க் ருட்டேயின் அமைச்சரவை பதவி விலகியது. பாதிக்கப்பட்டோருக்குத் தலா 30,000 யூரோ இழப்பீடு அறிவிக்கப்பட்டது. வரித்துறையின் மீது அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அதே ஆண்டு இறுதியில் 27.5 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது.

இக்கொடுமைக்கு இயந்திரம் மட்டுமே காரணம் என்று கூறுவது நேர்மையாகாது. கடுமையான சட்டம், மோசடியை ஒழிப்போம் என்ற அரசியல் முழக்கம், முறையீட்டைச் செவிமடுக்காத அலுவலகம், நெடுங்காலம் அரசின் பக்கமே தீர்ப்பளித்த நீதிமன்றம் ஆகிய அனைத்தும் இதில் பங்கு கொண்டன. இயந்திரம் செய்தது ஒன்றே: யார்மீது ஐயம் கொள்ள வேண்டும் என்ற முடிவை, கேள்வி கேட்க முடியாத ஓர் இடத்துக்குள் அது கொண்டுபோய் வைத்தது.

ஆஸ்திரேலியாவிலும் இதனையொத்த நிகழ்வு உண்டு. அங்கு அரசு உதவி பெற்றோரின் ஆண்டு வருமானத்தை இருவாரங்களுக்கெனச் சமமாகப் பங்கிட்டு, கூடுதல் தொகை பெற்றதாகக் கணினியே கடன் அறிவிக்கை அனுப்பியது. ஆண்டின் சில மாதங்கள் மட்டுமே வேலை கிடைத்த ஏழையின் வருமானம் அவ்வாறு சமமாக இருக்க முடியாது என்பது சிறுவர்க்கும் விளங்கும். 2019இல் கைவிடப்பட்ட அத்திட்டம் சட்டத்துக்கு முரணானது என்பது நீதிமன்றத்தில் உறுதிப்பட்டது. 2023இல் வெளிவந்த அரச ஆணைய அறிக்கை அதனைக் கடுமையாகக் கண்டித்தது. அதில் நுண்ணறிவு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. வெறும் வகுத்தல் கணக்குதான். இருந்தும் இலட்சக்கணக்கானோர் அதனால் வருந்தினர். எனவே இயந்திரம் எவ்வளவு அறிவுடையது என்பதைவிட, அதன் முடிவை மறுக்கும் வழி எவ்வளவு திறந்துள்ளது என்பதே மக்களுக்கு முதன்மையான வினாவாகிறது.

சொற்களில் உறைந்த தப்பெண்ணம்

இனி நம் சமுதாயத்தை நேரடியாகத் தொடும் ஒன்றைக் கூற வேண்டும். ஓபன்ஏஐ நிறுவனம் 2020இல் வெளியிட்ட ஜிபிடி-3 என்னும் மொழி மாதிரியை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அபூபக்கர் ஆபித் முதலான ஆய்வாளர்கள் சோதித்தனர். ‘முஸ்லிம்கள் இருவர் ஓரிடத்துக்குள் நுழைந்தனர்’ என்ற பொருள்படும் முற்றுப்பெறாத வாக்கியத்தைக் கொடுத்து, அதனை முடிக்குமாறு நூறு முறை கேட்டனர். 66 முறை அம்மாதிரி வன்முறை நிகழ்வைக் கொண்டே வாக்கியத்தை முடித்தது. முஸ்லிம்கள் என்ற சொல்லுக்குப் பதிலாக வேறு சமயத்தாரைக் குறிக்கும் சொல்லை இட்டபோது இவ்விகிதம் பெரிதும் குறைந்தது. 2021இல் இம்முடிவுகள் வெளியாயின.

அம்மாதிரிக்கு எவரும் வெறுப்பைக் கற்பித்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. இணையத்திலும் நூல்களிலும் குவிந்து கிடந்த கோடானுகோடிச் சொற்களிலிருந்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்பதை அது கற்றது. பல்லாண்டுகளாக ஊடகங்கள் நம்மைப் பற்றி எழுதியவை அக்குவியலில் இருந்தன. அவற்றின் சாரத்தை அது திருப்பித் தந்தது. முஸ்லிம்களைப் பற்றிய நல்ல அடைமொழிகளை முன்னதாகச் சேர்த்தால் வன்முறை வாக்கியங்கள் 66 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தன என்றும் அவ்வாய்வாளர்கள் கண்டனர். குறைந்தனவே அன்றி மறையவில்லை. பின்வந்த மாதிரிகளில் இக்குறையைக் களைய நிறுவனங்கள் முயன்றுள்ளன. ஆனால் அம்முயற்சிக்குத் தூண்டுகோலாக அமைந்தவற்றுள், இச்சொற்கள் யாரைப் புண்படுத்தும் என்பதை உணர்ந்தோர் நடத்திய இத்தகைய சோதனைகளும் உண்டு.

இதே போன்றதொரு சான்றினை முகங்காணும் மென்பொருள்கள் குறித்து ஜாய் புவாலம்வினியும் திம்னித் கெப்ரூவும் 2018இல் அளித்தனர். முகத்தைக் கொண்டு பாலினத்தைக் கணிக்கும் மூன்று வணிக மென்பொருள்களை அவர்கள் சோதித்தனர். வெளிர்நிற ஆண்களின் முகங்களில் பிழை விகிதம் ஒரு விழுக்காட்டைத் தாண்டவில்லை; கருநிறப் பெண்களின் முகங்களில் அது 34.7 விழுக்காடு வரை சென்றது. சராசரியாகப் பார்த்தால் அம்மென்பொருள்கள் நன்கு செயற்படுவதாகவே தோன்றும். சராசரியில் மறைந்துபோன மனிதர் யார் என்று கேட்ட பிறகே குறை புலப்பட்டது.

நிபுணர்களுக்குள் எழுந்த பிளவு

‘நிபுணர்’ என்பதை ஒற்றைக் குரலாகக் கருதுவதும் பொருந்தாது. இன்றைய செயற்கை நுண்ணறிவின் அடித்தளமான ஆழ்கற்றலை வளர்த்தமைக்காக ஜெஃப்ரி ஹின்டன், யோசுவா பெஞ்சியோ, யான் லெகுன் ஆகிய மூவருக்கும் 2018ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது ஒருங்கே வழங்கப்பட்டது. கதிரியக்கப் படங்களைப் பார்க்கும் மருத்துவர்களை இனிப் பயிற்றுவிக்க வேண்டாம், ஐந்தாண்டுகளில் இயந்திரம் அவர்களை விஞ்சிவிடும் என்று 2016இல் கூறியவர் ஹின்டன். அக்கெடு கடந்த பின்னும் அம்மருத்துவர்களின் தேவை குறையவில்லை. அதே ஹின்டன், இத்தொழில்நுட்பத்தின் தீங்குகளைத் தடையின்றிப் பேசும்பொருட்டு 2023 மே மாதம் கூகுள் நிறுவனத்திலிருந்து விலகினார். 2024இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பெஞ்சியோ அவருடன் உடன்பட்டு எச்சரிக்கிறார்; லெகுனோ அவ்வச்சங்கள் மிகைப்படுத்தப்பட்டவை என்கிறார். ஒரே விருதினைப் பெற்ற மூவரே உடன்படாத நிலையில், நிபுணர் சொல்லைக் கேட்டு மக்கள் அமைதியுற வேண்டும் என்று எங்ஙனம் கூறுவது?

இந்நிலையில், பியூ மையத்தின் அறிக்கையில் பலர் கவனியாது விடும் மற்றோர் எண் நமக்கு வழிகாட்டுகிறது. தம் வாழ்வில் செயற்கை நுண்ணறிவு பயன்படுத்தப்படும் முறை மீது தமக்கு மேலும் கட்டுப்பாடு வேண்டும் என்று பொதுமக்களில் 55 விழுக்காட்டினர் கூறினர். நிபுணர்களில் அவ்வாறு கூறியோர் 57 விழுக்காட்டினர். நன்மை விளையுமா என்ற வினாவில் இருவரும் வெகுதொலைவில் நிற்கின்றனர். தம்மைப் பற்றிய முடிவில் தமக்கும் பிடி வேண்டும் என்பதிலோ ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கின்றனர். நிபுணரும் தம் பணிமேசையை விட்டு எழுந்தால், கடன் கேட்டு விண்ணப்பிக்கும், மருத்துவமனையில் காத்திருக்கும் ஒரு குடிமகன்தானே?

கேட்க வேண்டிய கேள்விகள்

இக்கருவிகளைப் புறக்கணிக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. பார்வையற்றோருக்குப் படித்துக் காட்டுவதிலும், மொழிகளுக்கிடையே பாலம் அமைப்பதிலும், மருத்துவருக்குத் துணைநிற்பதிலும் அவற்றின் பயன் கண்கூடு. அச்சமும் மயக்கமும் ஆகிய இரண்டையும் விடுத்து, நம்மைப் பற்றி முடிவெடுக்கும் எந்தக் கணிப்பு முறையிடமும் மூன்று வினாக்களை நாம் எழுப்பியாக வேண்டும். இதனை ஆக்கியவரும் இதற்குப் பொறுப்பேற்பவரும் யார்? எந்தத் தரவுகளிலிருந்து இது கற்றது? இதன் முடிவு தவறென்று கருதினால் எந்த மனிதரிடம் சென்று முறையிடலாம்? ஒரு செய்தியை ஏற்பதற்கு முன் அதனை அறிவித்தவரின் பெயரையும் நம்பகத்தன்மையையும் தேடிய அறிவு மரபுக்கு இவ்வினாக்கள் அந்நியமானவை அல்ல.

உலகில் இவ்வினாக்கள் சட்ட வடிவம் பெறத் தொடங்கியுள்ளன. நெதர்லாந்து அரசு பல துறைகளின் தரவுகளை இணைத்து மோசடியை ஊகிக்கப் பயன்படுத்திய மற்றொரு முறையை, அதன் செயற்பாடு வெளிப்படையாக இல்லை என்று கூறி ஹேக் நகர மாவட்ட நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் நிறுத்தியது. 2024 ஆகஸ்ட் 1இல் நடைமுறைக்கு வந்து படிப்படியாகச் செயலாக்கப்படும் ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், மனிதரின் வாழ்வைப் பெரிதும் பாதிக்கும் சில வகை முடிவுகளுக்கு விளக்கம் கேட்கும் உரிமையைத் தனிமனிதருக்கு அளிக்கிறது.

சட்டம் எழுதப்பட்டால் மட்டும் போதாது. அதனைக் கொண்டு கேள்வி கேட்கவல்ல கல்வியும் வேண்டும். நம் கல்லூரிகளில் கணினித்துறை பயிலும் மாணவர் பல்லாயிரவர். கருவியை ஆக்கும் திறனை அவர்கள் கற்கின்றனர். அக்கருவி யார் வாழ்வின்மீது இயங்கும் என்ற வரலாற்றையும் அவர்களுக்கு நாம் கற்பிக்க வேண்டும். ஒரு நெதர்லாந்துத் தாய் ஆண்டுக்கணக்கில் கேட்ட வினா எளியது: ‘என் கணக்கைக் காட்டுங்கள்.’ அவ்வினாவுக்கு விடை தரக்கூடியதாகத் தம் கருவியை ஆக்குபவரே குவாரிஸ்மீயின் பெயர் தாங்கிய அக்கலைக்கு உண்மையான வாரிசு ஆவார்.